நான் எழுதாத வரி

மேடையில் அமர்ந்திருக்கும் கட்டிடக் குழுத் தலைவர் அவர்களே, நமது முதல் நாடகத்துக்கு வாசகசாலையையே காலி செய்து கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் அவர்களே, சனிக்கிழமை வகுப்பின் இளையவர்களே, இடமில்லாமல் படிக்கட்டில் நிற்பவர்களே, இந்த அறையின் நடுத்தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்ததால் என் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கும் பாக்கியம் பெற்றவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் நாடகக் குழுவை உருவாக்கியவரும், அதன் அத்தனை நாடகங்களையும் இயக்கியவரும், இளையோர் கலை வகுப்பின் ஆசானுமான பிரேக் மாஸ்டர் அவர்கள் மறைந்துவிட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைக் கடல் என்றார்கள். கலங்கரை விளக்கம் என்றார்கள். ஆலமரம் என்றார்கள். நான் அவரோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் படித்தவன். எனக்குத் தெரிந்தவரை அவர் மரமும் இல்லை, விளக்கும் இல்லை. என் குடையை எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு, "மழைதான் நின்னுடுச்சே, இனிமே அது எதுக்கு?" என்று என்னையே கேட்ட மனிதர் அவர்.

இரங்கல் கூட்டத்தில் குடையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசச் சொன்னவர் முன்வரிசையில் இருக்கிறார். பிரேக் மாஸ்டரோடு ஒரே வீட்டில், ஒரே குடும்பமாக வாழ்ந்த மருந்துக்கடைக்காரர் நேற்று என்னைக் கடைக்கு வரச் சொன்னார்.

"நீங்கதான் கடைசியாப் பேசணும் வாத்தியார்."

"என்னை எதுக்கு? எனக்கும் அவனுக்கும் எப்பவும் சண்டைதானே."

"அதனாலதான் கூப்பிடுறேன். மத்தவங்க புகழ்ந்துட்டுப் போயிடுவாங்க. அவருக்குப் புகழ்ச்சி அலுத்துப் போயிருக்கும்."

"அவனுக்கா? புகழ்ச்சியா? அலுக்குமா?"

அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "சரி, அலுக்காது. ஆனா நீங்க திட்டினா ரொம்ப ரசிப்பாரு."

எனவே இனி 'அவர்' என்ற மேடை மரியாதையை விட்டுவிடுகிறேன். 'அவன்' என்றே சொல்கிறேன். ஒரு மனிதனை எந்த விகுதி போட்டுச் சொல்வது என்பது இந்த அறையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இன்னும் சற்று நேரத்தில் தெரியும்.

தலைவர் அவர்கள் தம் உரையில் ஒரு கேள்வி கேட்டார். இந்த மாடி அறையை இனி யார் பொறுப்பில் விடுவது? சனிக்கிழமை வகுப்பை எடுத்து நடத்தப் பொறுப்பான ஒருவர் இன்று முன்வராவிட்டால், அறையைக் கணினிப் பயிற்சிக்குக் கேட்டிருப்பவர்களுக்குக் கொடுத்துவிடக் குழு முடிவு செய்திருக்கிறது என்றார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பிறகு பேசியவர்கள் எல்லோரும் மாஸ்டரின் பணி தொடரும் என்றார்கள். தொடரும், தொடரும், தொடரும் என்றார்கள். யார் தொடர்வார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். அதற்கு முன் சில கணக்குகளை அவனோடு தீர்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் அவனுடைய இரண்டு வகை மாணவர்களும் இருக்கிறீர்கள். அவனிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் ஒரு பக்கம். நாடகம் கற்றவர்கள் ஒரு பக்கம். கார் பக்கத்தவர்களுக்காகச் சொல்கிறேன். இது தன்பால் விரும்பிகளும், திருநங்கைகளும், திருநம்பிகளும், 'நான் யார் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை, கொஞ்சம் பொறுங்கள்' என்பவர்களும் நடிக்கிற குழு. சனிக்கிழமை மதியம் இளையவர்களுக்கு வகுப்பு. குரல், நடை, பாட்டு, ஒப்பனை, முகமூடி செய்வது. டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லிவிட்டே வருகிறவர்களும் இப்போது உண்டு.

நாடகப் பக்கத்தவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். இவன் பெயர்க்காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டப் பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் இருக்கும் மாஸ்டருக்கு ஒரு பிரேக். ஒத்திகையிலும் இவனுக்கு அதே கால், அதே பழக்கம். காட்சி பிடிக்கவில்லை என்றால் நாற்காலியில் சாய்ந்தபடியே வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பான். எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள். கீழே இருக்கும் சலவைக் கடைக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்து, "யார் வசனம் மாட்டிக்கிச்சோ" என்பாராம். என் வசனம்தான். இங்கே வேறு யார் எழுதினார்கள்?

நண்பர்களே, நான் இந்த மனிதன் மீது பொறாமைப்பட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, இந்த அறைக்கே தெரியும். பரீட்சையில் முதல் ஆளாக எழுந்து தாளைக் கொடுத்துவிட்டுப் போவானே, அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இலக்கணத்தில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கிவிட்டு, அந்தப் படிப்பையே வேண்டாமென்று அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் போய் உட்கார்ந்தானே, அந்தத் துணிச்சலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நானோ அதே இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு கல்லூரி விரிவுரையாளராகிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன்.

அவனும் நானும் ஒரே விதமானவர்கள் என்று கண்டுகொண்டதும் அந்தக் கல்லூரியில்தான். ஆண்களைத்தான் நேசிக்க முடியும் என்பதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு மதியம் அவன் சங்கிலியை மாட்டிக்கொண்டே, "டேய், எனக்குப் பொண்ணுங்க சரிப்பட்டு வராது. பசங்கதான். உனக்கும் அப்படித்தானே?" என்றான். கை முழுக்க மசகு. "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு வருடம் செதுக்கிய என் வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.

மருந்துக்கடைக்காரர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். திட்டச் சொன்னது நீங்கள், கேட்டுக்கொண்டிருங்கள். வாசகசாலையில் நாங்கள் போட்ட முதல் நாடகத்துக்கு இவர் பார்வையாளராக வந்திருந்தார். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதினதா சார்? மூணாவது காட்சி எனக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் தலைசிறந்தது. என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "இயக்கினது யாருங்க?" என்று கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனார். போனவர் போனவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து வீடு பார்த்தார்கள், திரைச்சீலை வாங்கினார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், ஒரே கண்ணாடியில் தலைவாரிக்கொண்டார்கள். நீட்டிய அந்தக் கை எனக்கு இன்னும் வலிக்கிறது.

இவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். பெரியதற்கு வருகிறேன்.

வீடு திரும்பும் ஒரு பிள்ளையைப் பற்றி நான் எழுதிய நாடகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மகளாக வளர்ந்து, வீட்டை விட்டுப் போய், பல வருடம் கழித்து மகனாக வந்து கதவைத் தட்டுகிறவனின் கதை. அந்தப் பிள்ளையாக நடித்தவர் அதோ ஜன்னலோரம் நிற்கும் நம் மைக். ஒலிபெருக்கியே தேவையில்லாத குரல் என்பதால் அந்தப் பெயர். அப்பாவாக நடித்தவர் மருந்துக்கடைக்காரர். கடைசிக் காட்சியில் அப்பா கதவைத் திறக்கிறார், பிள்ளையைப் பார்க்கிறார், பேசுகிறார். ஒன்றரைப் பக்க வசனம். அடக்கமாகச் சொன்னால், நான் எழுதியதிலேயே ஆகச் சிறந்தது அதுதான். 'வந்தாள் என்பேனா, வந்தான் என்பேனா? இத்தனை காலம் நான் உச்சரித்த விகுதிகள் எல்லாம் இன்று என் வாசலில் நின்று வழக்காடுகின்றன' என்று தொடங்கும். மருந்துக்கடைக்காரர் அதை மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்து மனப்பாடம் செய்தார்.

ஒத்திகையில் முதல் வரி முடிவதற்குள் தரை அதிர்ந்தது.

"என்னய்யா இப்ப?" என்றேன்.

"வாத்தியாரே, இந்த அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"லைன்மேன். கரண்டுக் கம்பத்துல ஏறுற வேலை."

"கம்பத்துல ஏறுற மனுஷன் கதவைத் திறந்ததும் விகுதியைப் பத்தியா பேசுவாரு?"

"அது உருவகம்."

"புள்ள வெளியில மூட்டையைத் தூக்கிட்டு நிக்குது. இவரு உருவகத்தை முடிக்கிற வரைக்கும் நிக்கணுமா? தோள் வலிக்காதா அதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மைக்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது. நான் எழுந்து வெளியே போயிருப்பேன். அதற்குள் அவன் எழுந்து, இந்தத் தூண் பக்கம் வந்து, இல்லாத கதவைத் திறந்தான். வெளியே நின்ற மைக்கைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மைக்கிடம் எதுவும் சொல்லாமல், முகத்தை வீட்டுக்குள் திருப்பி, அடுப்படியில் இருக்கும் மனைவியிடம் சொல்வதைப்போலச் சொன்னான்.

"புள்ள வந்திருக்கு."

அவ்வளவுதான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபம் நியாயமானது என்று இன்றும் சொல்வேன். "வந்திருக்கு என்றால் அஃறிணை. ஆட்டையும் மாட்டையும் சொல்வது அப்படி. ஊரே இவர்களை 'அது', 'இது' என்று சொல்லிக் கேவலப்படுத்துகிறது. நம் மேடையிலும் அதையே சொல்வதா?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வியா, இல்லையா?

அவன் அதை நிதானமாகவே எடுத்துக்கொண்டான். "'அது'ன்னு மொட்டையாச் சொன்னா வசவு வாத்தியாரே. 'புள்ள'ன்னு ஆரம்பிச்சு 'வந்திருக்கு'ன்னு முடிச்சா வீடு. உங்கம்மா உன்னை எப்படிச் சொல்லுவாங்க? 'புள்ள இன்னும் சாப்பிடல, புள்ள தூங்குது'ன்னுதானே? அதுல ஆம்பளை ஏது, பொம்பளை ஏது? உவப்பு வந்தா பாலும் மாறலாம், திணையும் மாறலாம்னு ஒரே பெஞ்சுலதானே படிச்சோம். வழு இல்லய்யா, வழுவமைதி. பரீட்சையில வந்துச்சு. நான் எழுதினேன். நீ விட்டுட்டே."

இலக்கணம் தெரியாதவர்களுக்காக: விதிப்படி தவறு, ஆனால் அன்பினால் வந்ததென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட தவறு. அதற்குப் பெயர் வழுவமைதி. நான் அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறவன். எனக்கே பாடம்.

விடுவேனா? "நடிக்கிறவரைக் கேட்போம்" என்றேன். "மைக், உன்னை அப்படிச் சொன்னா உனக்குச் சம்மதமா?"

மைக் அந்தப் பெரிய குரலை எங்கேயோ வைத்துவிட்டு வந்ததுபோல மெதுவாகச் சொன்னது. "எங்க வீட்ல பூனை வந்தாக்கூட, பூனை வந்திருக்குன்னு உள்ள பார்த்துச் சொல்லுவாங்க சார். நான் வந்தா யாரும் எதுவும் சொல்றதில்ல. இந்த வரி இருக்கட்டும் சார்."

என் ஒன்றரைப் பக்கம் அங்கேயே போயிற்று.

நாடகம் நடந்தது. அந்த வரி வந்தபோது அரங்கம் அழுததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்திரிகையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'இறுதி வரியில் நாடகாசிரியர் சிகரம் தொட்டுவிட்டார்.' அந்த நாடகத்தில் நான் எழுதாத ஒரே வரி அது. அன்று தொடங்கியது என் தண்டனை. பேருந்தில், வங்கியில், பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதுகூட யாராவது வந்து, "அந்த வரி எப்படி சார் தோணுச்சு?" என்பார்கள்.

"அது நான் எழுதினதில்லைங்க. மாஸ்டர் சொன்னது."

"என்ன அடக்கம் சார் உங்களுக்கு!"

உண்மையைச் சொல்லச் சொல்ல என் அடக்கத்தின் புகழ் வளர்ந்தது. அவனிடம் போய்க் கேட்டால் அவனோ, "வாத்தியார்தான் எழுதினாரு, நான் சும்மா கதவைத் திறந்தேன்" என்று சொல்லி அனுப்பிவிடுவான். நல்லவனாக இருந்து இவ்வளவு தொல்லை கொடுத்த மனிதன் வேறு யாராவது உண்டா?

ஒரு நாள் கல்லூரி வராந்தாவில் தச்சர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். சட்டையில் மரத்தூள். "நான் மைக்கோட அப்பா சார்" என்றார். மைக்கோடு அவர் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லாமல் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"போன வாரம் வாசல்ல வந்து நின்னுச்சு சார். முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வாய் வரல. பழைய பேரு சொல்றதா, புதுப் பேரு சொல்றதான்னே தெரியல. அப்பதான் உங்க நாடகம் ஞாபகம் வந்துச்சு. உள்ள திரும்பி அவங்கம்மாகிட்ட சொன்னேன். புள்ள வந்திருக்குன்னு. உள்ள பார்த்துச் சொன்னா சுலபமா வந்துருது சார். அப்புறம் அதுவே செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்துருச்சு."

என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் எழுதவில்லை என்று அவரிடமும் சொன்னேன். "நீங்க பெரிய மனுஷன் சார்" என்றார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போய், கூரியர்காரனைப்போல, உரியவனிடம் சேர்த்தேன். நடந்ததை முழுக்கக் கேட்டான். கண்ணைத் துடைத்தான். பிறகு, "சரி, டீ சொல்லு" என்றான். ஒரு நாடகாசிரியன் தன் ஆயுள் முழுக்க ஏங்குவது எதற்கு? தான் எழுதிய ஒரு வரி எங்கோ ஒரு வீட்டின் கதவைத் திறக்கும் என்பதற்குத்தானே? அது நடந்தது. என் கண் முன்னால் நடந்தது. என் பெயரில் நடந்தது. ஆனால் அது என்னுடையதில்லை. இதற்குப் பொறாமைப்படாதவன் மனிதனா?

அதோடு முடிந்ததா? இல்லை. அந்த வரி மேடையிலிருந்து இறங்கி இந்த அறைக்குள் குடியேறிவிட்டது. சனிக்கிழமை வகுப்பில் யார் அந்த இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாலும், பாதிப் பாட்டில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, எல்லோரும் உள்பக்கம் திரும்பிச் சொல்வார்கள்: புள்ள வந்திருக்கு. புதிதாக வந்து, பெயர் சொல்லவே பயந்து நிற்பவர்களிடம் நீ ஆணா, பெண்ணா, உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் கேட்பதில்லை. புள்ள வந்திருக்கு, அவ்வளவுதான். மற்றது பிறகு. மின் கட்டணம் கேட்க வந்தவருக்கும் சொன்னார்கள். தலைவர் அவர்களே, தாங்கள் ஒருமுறை ஆய்வுக்கு வந்தபோது உங்களுக்கும் சொன்னார்கள். நீங்கள் திகைத்துப் போய்ப் பின்னால் யாரோ வருவதாகத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் தெரியுமா? இந்த அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. கதவைத் திறப்பவன் நான். விளக்கைப் போடுபவன், நாற்காலி பரப்புபவன், தூணில் சாய்ந்து நின்று காத்திருப்பவன் நான். ஆகவே நான் ஒரு நாளும் அந்தக் கதவு வழியாக, உள்ளே ஆட்கள் இருக்கும்போது, வந்ததே கிடையாது. எல்லோரும் வரும்போது நான் உள்ளே இருந்தேன். எல்லோருக்கும் சொல்லப்பட்டதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடச் சேர்ந்து சொன்னேன்.

அவன் எப்போது வருவான்? கடைசியில் வருவான். என்றைக்காவது நேரத்துக்கு வந்திருக்கிறானா? கார்ப் பாடம் நீண்டுவிட்டது, டயர் பஞ்சர், யாரோ வழியில் பிடித்துக்கொண்டார்கள். காரணங்கள் அவனிடம் எப்போதும் தயாராக இருக்கும். கடைசியில் வருபவனுக்குத்தானே கூட்டம் அதிகம்? அறை முழுக்க எழுந்து, கூரை பிய்ந்துபோகிற மாதிரி அந்த வரியைச் சொல்லும். அவன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவனைப்போல வாசலிலேயே நின்று முழுக்க வாங்கிக்கொள்வான். வேண்டுமென்றே தாமதமாக வந்தான் என்று நான் இன்றும் சந்தேகப்படுகிறேன்.

சாவிலும் அவன் குறை வைக்கவில்லை. அன்று அவனிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த நர்சம்மா இங்கே வந்திருக்கிறார்கள். மார்பில் வலி வந்ததும் தன் பிரேக்கை மிதித்து வண்டியைச் சாலையோரம் நிறுத்தியிருக்கிறான். பதறிப் போனவரிடம், "ஸ்டியரிங்கை விடுங்கம்மா. கையை மடியில வச்சுக்குங்க. என் கால் இங்க இருக்கு, வண்டி எங்கயும் போகாது" என்றிருக்கிறான். அவர் தம்மால் முடிந்ததையெல்லாம் செய்தார். மருத்துவமனை போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாடகக்காரன் ஒருவனுக்கு இப்படியொரு கடைசிக் காட்சியை யார் எழுதிக் கொடுத்தது? சத்தியமாக நான் இல்லை. நானாக இருந்தால் அவனை இன்னும் முப்பது வருடம் இருமவிட்டு, என் மடியில் திட்டு வாங்க வைத்து, அதன் பிறகே அனுப்பியிருப்பேன்.

இன்று மாலையும் நான்தான் முதலில் வந்தேன். வேறு யார் திறப்பது? நாற்காலிகளைப் பரப்பினேன். நீங்கள் ஒவ்வொருவராக வந்தீர்கள். இப்படிப்பட்ட நாளில் அதைச் சொல்வதா, வேண்டாமா என்று இளையவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. ஊமை வீடுபோல அறை நிறைந்தது. கடைசியாக மருந்துக்கடைக்காரர் அதோ இருக்கும் அவன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். இரும்புக் கதவு கிரீச்சிட்டது. அப்போது ஜன்னலோரத்திலிருந்து மைக், தன் முழுக் குரலில், உள்பக்கம் திரும்பிச் சொன்னது. "புள்ள வந்திருக்கு."

நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன். செத்துப்போய்ச் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அப்போதும் கடைசியாக வந்து, அந்த வரியை வாங்கிக்கொள்கிறான். நண்பர்களே, எனக்கு அந்தப் படத்தின் மீதே பொறாமை வந்தது. அழுததும் அதோடு சேர்ந்துதான்.

தலைவர் அவர்களே, உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். சனிக்கிழமை வகுப்பை நான் எடுத்து நடத்துகிறேன். கணினிப் பயிற்சிக்காரர்களுக்கு வேறு இடம் பாருங்கள்.

இளையவர்களே, நீங்கள் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு அவனைப்போலச் சிரிக்க வராது. உங்கள் கதைகளை எல்லாம் நீங்கள் அவனிடம்தான் சொன்னீர்கள். என்னிடம் வசனத்தை மட்டும் ஒப்பித்தீர்கள். அதுவும் எனக்கு வருத்தம்தான், அதையும் இன்று சொல்லிவிடுகிறேன். இனியும் என்னிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் நான் அங்கே இருப்பேன். உங்கள் ழகரத்தைத் திருத்துவேன். அவன் பாதி ஒத்திகையில் விட்ட நாடகத்தை முடிப்பேன். காட்சி பிடிக்கவில்லை என்றால் தரையை மிதிப்பேன். முதல் சில வாரங்கள் சத்தம் சரியாக வராது, கீழே சலவைக் கடைக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவன் வைத்திருந்த ஒரு வழக்கத்தையும் நான் கைவிட மாட்டேன். ஒன்றைத் தவிர. என் ஒன்றரைப் பக்க வசனத்தை என்றைக்காவது மேடையேற்றியே தீருவேன். நேற்று மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி, அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொல்லிக் காட்டினார். ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. நல்ல வசனம்தான் அது. மாஸ்டர், உனக்குக் கேட்கிறதா? நல்ல வசனம்.

கடைசியாக, சாவி. இதோ இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் அவர்களே, கொஞ்சம் எழுந்து வந்து இதை வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் கதவைத் திறக்க வேண்டியது நீங்கள். சனிக்கிழமை மதியம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வாருங்கள். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். பூட்டை இடது பக்கம் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். கதவின் அடிப்பக்கத்தைக் காலால் ஓர் உதை உதைக்க வேண்டும். விளக்கைப் போடுங்கள். நாற்காலிகளைத் தூண் மறைக்காதபடி பரப்புங்கள். எல்லோரையும் உட்கார வையுங்கள்.

வகுப்பு வழக்கமான நேரத்தில் தொடங்க வேண்டும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். என் வாழ்நாளில் முதன்முறையாக நான் தாமதமாக வரப்போகிறேன். கீழே சலவைக் கடை வாசலில் நின்று, நீங்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டீர்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே படியேறுவேன்.

கதவு கிரீச்சிடும். நீங்கள் உள்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.